நுரையை யாரிடம் பாடுவது?

என் பழைய மாணவி ஒருத்தி ஓசூரில் கல்யாண வீடியோ எடுக்கிறாள். மணப்பெண்ணின் அலங்கார அறைக்குள் ஆண் கேமராக்காரர் நுழைவதை விரும்பாத வீடுகள் அவளைத் தேடிப்பிடித்து அழைக்கின்றன. “அந்த ஒரு கட்டுப்பாடுதான் மேம் எனக்குச் சோறு போடுது” என்று சிரிப்பாள். போன கோடையில், முகூர்த்தம் இல்லாத நாட்களில் எல்லாம் அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்குப் போய்வந்தாள். கிட்டார் வாசிக்கும் நண்பன், பறையடிக்கும் தோழி, சொந்தமாகப் பாட்டுக்கட்டும் இன்னொருத்தி என்று உடன் மூன்று பேர். கோடை மழையில் பெங்களூர்ப் பக்கத்துத் தண்ணீர் வந்து மதகு திறக்கும் நாளுக்காகக் காத்திருந்து, அணைக்குக் கீழே பொங்கும் வெள்ளை நுரையைப் படம்பிடித்தார்கள். ஆறு நிமிடப் பாடல்படம். அதை ஒரு கடை மாடியில் நாற்பது ஐம்பது பேர் முன் திரையிட்டு, திரைக்குக் கீழே நின்று நேரடியாகவே பாடினார்கள்.

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ட்ரோன் கேமரா நுரைக்கு மேலே மெல்ல மிதந்துபோனது. வெள்ளை உடுத்திய ஒரு பெண் தலைமுடியை விரித்தபடி கரையில் நின்றாள். பாட்டு ஆற்றை ‘அம்மா’ என்று அழைத்தது. உன்னை என்ன செய்துவிட்டார்கள் என்று அழுதது. பறை நின்று கிட்டார் மட்டும் ஒலித்தபோது பக்கத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் எழுந்து கைதட்டினோம். பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் ஏதோ உறுத்தியது. அந்தப் படத்தில் நுரை அழகாக இருந்தது.

இதைக் குறையாகச் சொல்லும் யோக்கியதை எனக்குக் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் இதே நுரையைப் பற்றி நானும் ஒரு கவிதை எழுதினேன். மல்லிகைப் பந்தல் சரிந்து ஆற்றில் விழுந்ததாக அதில் ஓர் உவமை. படித்தவர்கள் அந்த உவமையைத்தான் பாராட்டினார்கள். ஆகவே இது அவளுடைய படத்தைப் பற்றிய விமர்சனம் மட்டுமல்ல. சூழலுக்காகப் பாடுகிற, எழுதுகிற, படமெடுக்கிற பெண்களாகிய நாம் எங்கே நின்று பேசுகிறோம் என்ற கேள்வி இது.

அளவுகோலுக்காக நான் வெளியே எங்கும் போகவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் ஒரு செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. அவற்றில் கூற்று, கேட்போர், களன் ஆகிய மூன்றையும் வகுப்பில் மனப்பாடப் பகுதியாக நடத்திவிட்டுக் கடந்துபோவோம். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்த இடத்தில் நின்று பேசுகிறார்: ஒரு போராட்டப் பாடலைச் சோதிக்க இவற்றைவிடக் கூர்மையான கேள்விகள் எனக்குத் தெரியவில்லை.

கூற்று

2015 ஜூலை 30 அன்று ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற ஆங்கில ராப் பாடல் இணையத்தில் வெளியானது. பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப். இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். மெட்டு, அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ பாடலுடையது. தன் உடலைக் கொண்டாடிப் பெயர்பெற்ற ஒரு கறுப்பினப் பெண்ணின் மெட்டு, பாதரசத்தால் உடல் கெட்டதாகச் சொன்ன தொழிலாளர்களின் வழக்குரையாக மாறியது. சில நாட்களில் பல லட்சம் பேர் பார்த்தார்கள். நிக்கி மினாஜே அதைப் பகிர்ந்தார்.

பின்கதை தெரிந்ததுதான் என்றாலும், மாணவிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்தது. பிறகு இந்துஸ்தான் லீவர் (இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர்) கைக்கு மாறியது. 2001இல் ஊர் மக்களும் சூழலியல் அமைப்புகளும் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய சாமான் கிடங்கில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து வெளிப்படுத்திய பிறகு ஆலை மூடப்பட்டது. 2003இல் கழிவின் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. முன்னாள் தொழிலாளர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தொழிலாளர் உடல்நலக் கேடுகளுக்கு ஆலை காரணமல்ல என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. பாடல் வந்து எட்டு மாதங்களுக்குள், 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களுடன் மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. ஒரு பாட்டு மட்டும் இதைச் செய்துவிடவில்லை. பதினைந்து ஆண்டுப் போராட்டத்தின் மேல் அந்தப் பாட்டு ஏறி நின்றது.

அந்தப் பாடலில் பேசுவது யார் என்று பாருங்கள். பாதிக்கப்பட்டவளாக வேடமிட்டுக்கொள்ளாத ஒரு பெண். அவள் அழவில்லை. மலைகளின் இளவரசி என்று சுற்றுலாத் துறை சொல்லும் ஊரைப் பற்றிப் பாடியும், மலையை அவள் பெண்ணாக்கவில்லை. எந்த நிறுவனம், என்ன செய்தது, என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக அடுக்குகிறாள். முக்காடிட்டு ராப் பாடிய நாட்களில் பத்திரிகைகள் சோஃபியாவுக்குப் ‘பர்தா ராப்பர்’ என்று பட்டம் கட்டின. அப்போதும் போபால் விஷவாயுக் கொடுமைக்காக டௌ நிறுவனத்தில் வேலைக்குச் சேராதீர்கள் என்று மாணவர்களிடம் பாடியவர் அவர். உடையைப் பார்த்தவர்கள் உண்டு. அவர் பேசியது கணக்கு.

இதற்குப் பக்கத்தில் என் மாணவியின் பாட்டை வைத்தால் வேறுபாடு தெரிகிறது. ஆற்றைத் தாய் என்று சொன்ன கணத்தில் பேசுகிறவர் பிள்ளையாகிவிடுகிறார். பிள்ளையால் அழ முடியும். கணக்குக் கேட்க முடியாது. கானல்வரிக் காவிரி தொடங்கி ஆடிப்பெருக்கில் ஆற்றுக்கு மசக்கைச் சோறு படைக்கும் பெண்கள் வரை, ஆற்றைப் பெண்ணாகக் காணும் மரபு நமக்கு நீண்டது. அதன் அன்பை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மொழியில் ஆறு ‘கெடுக்கப்பட்டவள்’ ஆகிறது, கரையில் ஒரு பெண் தலைவிரித்து நிற்கிறாள், கெடுத்தவருக்குப் பெயரில்லாமல் போகிறது. பெண்மீதான வன்முறைச் செய்திகளில் நாம் ஆண்டாண்டாகப் பார்ப்பதும் இதுதான். பாதிக்கப்பட்டவள் வருணிக்கப்படுகிறாள், செய்தவன் செயப்பாட்டுவினைக்குள் ஒளிந்துகொள்கிறான்.

தென்பெண்ணை என்ற பெயரிலேயே பெண் இருக்கிறாளே என்று பாட்டெழுதிய பெண் என்னிடம் கேட்டாள். பெண்ணை என்றால் பழந்தமிழில் பனை. எல்லைக்கு அந்தப் பக்கம் அதே ஆறு தட்சிண பினாகினி. பினாகம் என்பது சிவனின் வில். ஒரே தண்ணீருக்கு ஒரு கரையில் பனை, மறுகரையில் வில். தாய்மையை நாம்தான் கொண்டுபோய் ஏற்றுகிறோம்.

பெண்ணும் இயற்கையும் ஒன்று என்ற வாதத்தோடு பெண்ணியத்துக்குள்ளேயே பழைய வழக்கு உண்டு. வந்தனா சிவா 1988இல் வெளியிட்ட ‘ஸ்டேயிங் அலைவ்’ நூலில் இயற்கையைப் பெண்மைத் தத்துவமாகவே முன்வைத்தார். பீனா அகர்வால் 1992இல் எழுதிய கட்டுரையில் அதை மறுத்தார். பெண்களுக்கு இயற்கையோடு இருக்கும் உறவு கருப்பையால் வந்ததல்ல, விறகும் தண்ணீரும் தீவனமும் சுமக்கிற வேலையால் வந்தது. சாதி, வர்க்கம், நிலவுடைமைக்கு ஏற்ப அது மாறும் என்றார். நான் அகர்வாலின் பக்கம். கெலவரப்பள்ளியில் நின்று பார்க்கிற எவருக்கும் அந்தப் பக்கம் போகாமல் தீராது.

கேட்போர்

‘கொடைக்கானல் வோன்ட்’ ஏன் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். தொழிலாளர்கள் தமிழர்கள்தானே என்பது அவள் குறை. அந்தப் பாடலின் கேட்போர் தொழிலாளர்கள் அல்ல. ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகமும், அதன் சரக்கை வாங்குகிற உலகமும்தான். அவர்கள் வெட்கப்பட வேண்டிய மொழியில் அது பாடப்பட்டது. 2018இல் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து பாடிய தொடர்ச்சி, அங்கே ஒரு மண் அளவு இங்கே ஒரு மண் அளவா என்று கேட்டது. ஆலை வளாகத்து மண்ணைச் சுத்தப்படுத்த இங்கே ஏற்கப்பட்ட பாதரச அளவு, பிரிட்டனில் கேட்கப்படுவதைவிடப் பல மடங்கு தளர்வானது என்பதே அதன் வழக்கு.

2017 பொங்கலன்று வந்த ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ இன்னொரு கேட்போரைத் தேர்ந்தெடுத்தது. கபேர் வாசுகியின் சென்னைத் தமிழ் வரிகளை ராகமாலிகையாக டி.எம். கிருஷ்ணா பாடினார். எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவே எடுத்தார்கள். இதை இயக்கியவரும் ரதீந்திரன்தான். எண்ணூர் மீனவருக்கு அவர்கள் ஊர்க் கதையை யாரும் பாடிச் சொல்ல வேண்டியதில்லை. இது சபாக்களில் கால்மேல் கால்போட்டுத் தாளம் போடுகிறவர்களைப் பார்த்துப் பாடியது. யாருக்கும் பட்டா இல்லாத பொதுநிலத்தைக் குறித்த சொல் எப்படி வசைச் சொல்லாயிற்று என்று அவர்களையே அவர்களுடைய ராகத்தில் கேட்டது. அதன் வலிமை அங்கே இருக்கிறது. குறையும் உண்டு. பொதுநிலத்தில் அதிகம் புழங்குவது பெண்கள். கழிமுகச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் அங்கேதான் இருக்கிறார்கள். எழுதியது, பாடியது, இயக்கியது மூன்றும் ஆண்கள். தமிழ்ச் சுயாதீன இசை மேடைகளில் இது புதிதல்ல. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பத்தொன்பது பேரில் ஒரே ஒரு பெண், இசைவாணி. ஓசூரில் அந்தக் கடை மாடியில் நான்கு பேரில் மூவர் பெண்கள் என்பதை இதனால்தான் நான் முதலில் எண்ணிப் பார்த்தேன்.

அந்தப் பெண்கள் நுரையை யாரிடம் பாடினார்கள்? ஆற்றிடம். ஆற்றிடம் பேசுவது எளிது. அது திருப்பிக் கேட்காது. பாட்டில் ‘அவர்கள்’ என்று ஒரு சொல் மட்டும் வருகிறது. எல்லையோரத்தில் அந்தச் சொல்லுக்கு உடனே ஓர் ஆள் கிடைத்துவிடும்: கர்நாடகம்.

கொடைக்கானலைப் போல இங்கே ஒரு கதவைத் தட்டிக் கேட்க முடியாது என்பதுதான் சிக்கல். நந்தி மலைப் பக்கம் பிறக்கும் இந்த ஆற்றில் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் தண்ணீர் கலக்கிறது. சாக்கடை சேர்ந்து ஆக்சிஜன் அற்றுப்போன ஏரிகள் அவை. சோப்புத்தூளில் நுரை தரும் வேதிப்பொருள், காற்றுள்ள தண்ணீரில் நுண்ணுயிர்களால் சிதைந்துவிடும். காற்றில்லாத சேற்றில் சிதையாமல் தேங்கும். மழை வந்து கலக்கினால் மேலே வரும். மதகிலிருந்து விழுந்தால் நுரைத்துப் பொங்கும். 2015இல் பெல்லந்தூர் நுரையில் தீயே பிடித்தது. ஆக, நுரைக்குப் பின்னால் இருப்பது லட்சக்கணக்கான குளியலறைகள், துணி துவைக்கும் இயந்திரங்கள், சுத்திகரிக்காமல் விடப்படும் சாக்கடை, கண்டுகொள்ளாத இரண்டு மாநில அதிகாரம். இந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளும் குடியிருப்புகளும் தங்கள் கழிவை என்ன செய்கின்றன என்ற கேள்வியை ‘அவர்கள்’ என்ற சொல் வசதியாக மூடிவிடுகிறது. அந்தக் குளியலறைகளில் துவைக்கிறவர்களில் நம் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன பெண்கள் எத்தனை பேர் என்ற கேள்வியையும்தான்.

நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 1980களின் தொலைக்காட்சியில் சர்ஃப் விளம்பரத்து லலிதாஜி, விவரமான இல்லத்தரசி எந்தத் தூளை வாங்குவாள் என்று கணக்குச் சொன்னாள். எந்த ஒரு தூளையும் ஆற்று நுரைக்குக் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் வெண்மையை ஒரு பெண்ணின் மானமாக்கியதில் அந்தத் தொழில் முழுவதற்கும் பங்கு உண்டு. மகனின் சட்டைக் காலர் அழுக்காக இருந்தால் தாய்க்குக் கேவலம் என்று சொல்லிச் சொல்லி விற்றார்கள். அந்த வெண்மை வடிகால் வழியே போய் கெலவரப்பள்ளியில் நிற்கிறது. பாட்டு அழைத்த ‘அம்மா’ இங்கே இரண்டாக உடைகிறாள்: விளம்பரம் உருவாக்கிய அம்மா ஒருத்தி, அந்தத் தண்ணீரில் வயல் பாய்ச்சும் அம்மா இன்னொருத்தி.

இதனால் யாரிடமும் கேட்க முடியாது என்று ஆகிவிடாது. 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளிலும் நுரை மலைபோல் பொங்கியது. இல்லத்தரசிகள் துவைப்பதை நிறுத்தியதால் அது அடங்கவில்லை. மேற்கு ஜெர்மனி 1961இல் சோப்புத்தூளுக்கே சட்டம் கொண்டுவந்தது. 1960களின் நடுவில் அமெரிக்கத் தயாரிப்பாளர்களும் எளிதில் சிதையும் மூலப்பொருளுக்கு மாறினார்கள். கூடவே சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. எளிதில் சிதையும் அந்தப் பொருள்தான் இன்று நம் தூள்களிலும் இருக்கிறது. அது சிதைவதற்கான காற்றுள்ள தண்ணீர்தான் நம்மிடம் இல்லை. கேட்போர் யார் என்பது இப்போது தெரிகிறது: பெங்களூர் மாநகரின் சாக்கடைக்குப் பொறுப்பானவர்கள், இரண்டு மாநிலங்களின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள். அவர்களிடம் பாடுவதானால் அந்தப் பாட்டு கன்னடத்திலும் இருக்க வேண்டும். ஓசூரில் அது கடினமில்லை. தமிழில் நுரை, கன்னடத்தில் நொரெ, தெலுங்கில் நுருகு. நம் தெருக்களில் மூன்றும் ஒரே வாய்க்குள் புழங்குகின்றன. அந்த மும்மொழி வளத்தை விட்டுவிட்டு, சினிமாத் தமிழில் ஆற்றிடம் அழுதது அந்தப் பாட்டு.

களன்

இதையெல்லாம் என் மாணவியிடம் சொன்னபோது, அவள் மறுத்துப் பேசவில்லை. “ஒண்ணு காட்டுறேன் மேம்” என்று படத்தில் சேர்க்காத ஒரு துண்டை மடிக்கணினியில் ஓட்டினாள்.

அணைக்குக் கீழே ஒரு வரப்பு. பின்னால் தூரத்தில் வெள்ளையாக ஏதோ அசைகிறது. நுரைதான், ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒரு பெண் குந்தி உட்கார்ந்து கீரை அறுத்துக் கட்டுக் கட்டுகிறார். கேமரா நெருங்கியதும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

“எம் மூஞ்சி வேணாம் பாப்பா. ஊருக்குள்ள பாத்தாங்கன்னா எங் கீரைய யாரு வாங்குவா?”

படத்தில் இது ஏன் இல்லை என்றால், அவர் கேட்டுக்கொண்டதால் இல்லை. அந்த வெள்ளையுடைப் பெண் ஏன் வந்தாள் என்பதும் எனக்கு அப்போது விளங்கியது. காட்டக்கூடாத முகத்தின் இடத்தை நிரப்ப ஒரு முகம் தேவைப்பட்டிருக்கிறது.

நான் கற்றுக்கொடுத்த பெண்ணியத்தில் ‘வெளிப்படுத்துவது’ எப்போதும் நல்லது. மறைக்கப்பட்ட பெண்ணைக் காட்டு, அவள் குரலை ஒலிக்கவிடு என்போம். கொடைக்கானல் தொழிலாளர்கள் தங்களை உலகம் பார்க்க வேண்டும் என்று விரும்பினார்கள். ஆலை ஏற்கெனவே மூடியிருந்தது, மறைப்பதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. இந்தக் கீரைக்காரருக்கோ நாளைக்கும் சந்தை இருக்கிறது. நாம் நுரையைப் பிரபலமாக்க ஆக்க, அவர் கட்டும் கீரையின் விலை குறையும். ஆற்றைக் கெடுத்தவர் யாருக்கும் அந்தப் படத்தால் ஒரு பைசா நட்டமில்லை. நட்டம் முழுவதும் வரப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு. என் மல்லிகைப் பந்தல் கவிதை அவரைக் காயப்படுத்தவில்லை. அவர் இருப்பதே அதற்குத் தெரியாது. இரண்டில் எது மோசம் என்று இன்னும் எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

சங்கப் புலவர் ஒருவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. குறுந்தொகையில் அவர் எழுதிய உவமையையே பெயராக்கி, கல்பொரு சிறுநுரையார் என்கிறோம். பிரிவு தாங்காத தலைவி, பாறையில் மோதிய நுரைபோல மெல்ல மெல்ல இல்லாமல் போவதாகச் சொல்லும் பாடல் அது. இரண்டாயிரம் ஆண்டு நுரை, கரைந்துபோவதற்கான உவமை. கெலவரப்பள்ளி நுரை கரைவதில்லை. காற்றில் பறந்து பயிர்மேல் உட்காருகிறது, தரைப்பாலத்தை மூடுகிறது. பழைய உவமை இங்கே வேலை செய்யாது. வேலை செய்யாத உவமையைத்தான் நான் மல்லிகை வைத்து அலங்கரித்திருக்கிறேன். மென்மையான எதைப் பார்த்தாலும் பெண்ணோடும் பூவோடும் சேர்த்துவிடும் பழக்கம், பெண்ணாக எழுதினாலும் கையைவிட்டுப் போவதில்லை.

படத்தை மாற்று என்று நான் அவளிடம் சொல்லவில்லை. இருபத்து மூன்று வயதில், சொந்தக் காசில், வெயிலில் காத்திருந்து எடுத்த படம் அது; நகரத்துச் சூழல் பேச்சில் ஓசூர் நுழைவதே அபூர்வம். அவளாகவே அடுத்த திரையிடலுக்கு முன் சிலவற்றை மாற்றினாள். வெள்ளையுடைப் பெண் போய்விட்டாள். ட்ரோன் காட்சி பாதியானது. பாட்டின் இரண்டாம் பாதி கன்னடத்துக்கு மாறி, ஏரியையும் வாரியத்தையும் பெயர்சொல்லிக் கேட்டது. அந்த இடத்தில் கிட்டார் கொஞ்சம் தடுமாறியது. முதல்முறை அழுதவர்கள் இம்முறை அழவில்லை. கூட்டத்தில் இருந்த ஒரு பெண் மட்டும், தன் குடியிருப்பில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் ஓடுகிறதா என்று தெரியவில்லை, கேட்டுப் பார்க்கிறேன் என்றார். முதல் திரையிடலின் கைதட்டலைவிட எனக்கு அந்த ஒரு வாக்கியம் பெரிதாகப் பட்டது.

கீரைக்காரரின் முகம் இந்தப் படத்திலும் இல்லை; கை இல்லை, குரலும் இல்லை. அவர் சொன்ன ஒன்று மட்டும் அவளிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது. முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கட்டிய கீரையைக் கூடையில் அடுக்கிக்கொண்டே கேட்டிருக்கிறார்: “சரி பாப்பா, இத எடுத்துட்டுப் போயி யாருகிட்ட காட்டுவ?”

கேட்போர் யார் என்று தொல்காப்பியத்தை வைத்து நான் இத்தனை பக்கங்கள் சுற்றி வந்து கேட்டதை, அவர் வரப்பில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டார். அடுத்த தொகுப்புக்காகக் கவிதைகளை எடுத்து வைத்தபோது, நுரைக் கவிதைக்கு எதிரே அந்தக் கேள்வியைப் பென்சிலால் எழுதினேன். பதில் எழுத முடியவில்லை. கவிதையை எடுத்துவிட்டேன்.